தென்காசிச் சாலை

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் எங்களுள் நெல்லைச் சீமையினின்று வந்தோர் மிகப் பலர். இங்கே தாராவியில் சாலைகளுக்கு அகலமே பெயர். தொண்ணூறடிச் சாலை, அறுபதடிச் சாலை என்போம். எங்கள் ஊர்ச் சாலைக்கோ எண் உண்டு. மாநில நெடுஞ்சாலை 39 என்பது அது. நெல்லையில் தொடங்கிப் பேட்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியே செங்கோட்டையை அடைகிறது. அந்த எண்ணை ஊரில் எவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தென்காசி ரோடு என்பதே வழக்கு.

அது பழைய தடம். பாவூர்சத்திரத்தின் பெயரிலேயே வழிப்போக்கர் தங்கிய சத்திரம் இருக்கிறது. இந்தச் சாலை தொடங்கும் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே, தாமிரபரணியின்மீது சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளில் எழுப்பிய பாலம் 1843இல் திறக்கப்பெற்றது. மறுமுனையில் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாய் ஏறினால் கொல்லம். செங்கோட்டையே 1956 நவம்பர் முதல் நாளில்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் சாலையின் கடைசிக் கல் தொலைவு மலையாள நாட்டு ஆட்சியில் இருந்தது.

தாதரில் இரயிலேறி, சென்னை எழும்பூரில் மாறி, நெல்லை சந்திப்பில் இறங்கிப் பேருந்தில் அமர்ந்த பின்னரே ஊருக்கு வந்துவிட்டோம் என்ற நினைவு எங்களுக்கு எழும். மைல்கல்லை நாங்கள் படித்ததில்லை, புளியமரங்களே கணக்கு. நெடுஞ்சாலைத் துறையினர் எண்ணிட்டு, காய்ப்பை ஏலம் விட்ட மரங்கள் அவை. தென்காசியில் இடி விழுந்து பிளந்து நின்ற கோபுரத்தைக் கண்டவர்களும் எங்களுள் உண்டு. புதிய கோபுரத்துக்கு 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது.

அண்மை ஆண்டுகளில் அச்சாலை நான்கு வழியாக அகலமாயிற்று. வேண்டிய பணிதான், நோயாளியை நெல்லைக்குக் கொண்டு செல்வோர் அதன் அருமையை அறிவர். ஆயினும் சென்ற முறை எங்கள் தந்தையாரை அழைத்துச் சென்றபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அவர் நடத்துநரிடம், "இரட்டைப் புளியில் இறக்கிவிடு தம்பி" என்றே சொல்லி வந்தவர். அன்றும் அவ்வாறே சொன்னார். இளைஞரான நடத்துநர் விழித்தார். தந்தையார் சன்னலில் முகம் பதித்து மரத்தைத் தேடியபடியே இருந்தார். பேருந்து பாவூர்சத்திரத்தில் நின்றபோதுதான் ஊரைத் தாண்டிவிட்டோம் என்று உணர்ந்தோம்.

ஆட்டோவில் திரும்பினோம். நடுவில் தடுப்புச் சுவர். வண்டி வெகுதூரம் போய்த் திரும்பி வந்தே எங்களை இறக்கியது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மரம் நின்ற இடத்தைக் காலால் தேடுபவர்போலச் சற்று நடந்தார். நாங்கள் எதிரே இருந்த பெட்ரோல் பங்கின் பெயரை அடுத்த முறைக்காகக் குறித்துக்கொண்டோம்.