மேகத்துக்குள் அஞ்சாம் வாய்ப்பாடு



என் அண்ணன் பேத்தி போன வாரம் 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' தேர்வில் தேறிவிட்டாள். வாழ்த்துச் சொன்ன எல்லாரும், "அதான் ஏற்கெனவே பிளேன் ஓட்டுறாளே சார், இது என்ன இன்னொரு பரீட்சை?" என்கிறீர்கள். போனில் சொல்லி மாளவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் விமானச் சத்தம் கேட்டால் வகுப்பே வெளியே ஓடும். 1992இல் வாகைக்குளத்துக்கு விமானம் வந்த பிறகுதான் அந்த ஓட்டம் குறைந்தது. அப்படி ஓடியவர்களில் ஒருத்தியின் மகள்தான் இவள்.

தனியார் விமானி உரிமம் மட்டும் இருந்தால், வெளியே தெளிவாகத் தெரிகிற வானிலையில் பறக்கலாம். மேகத்துக்குள் போகக்கூடாது. ஐப்பசி மேகம் நம் கரிசலுக்கு உயிர்; அதற்குள் நுழைந்த விமானிக்கோ மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. எட்டாம் வகுப்பில் உங்களைச் சுற்றவிட்டு நிறுத்தினேனே, நின்ற பிறகும் வேப்பமரம் சுற்றுகிறது என்றீர்களே! உள்காதுத் திரவம் செய்கிற வேலை அது. விமானிக்கும் அதே காதுதான். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில்.

அதனால் காதை நம்பாமல் கருவியை நம்பப் பழக வேண்டும். 1929 செப்டம்பரில் ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாமல் மூடிய இருக்கையில் இருந்தபடி ஏறி இறங்கிக் காட்டிய வித்தை இது. இங்கே 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும். 20 மணி வரை சிமுலேட்டரில் முடிக்கலாம். மீதி வானத்தில், வண்டிக் குதிரைக்குக் கட்டுவது போல ஒரு மறைப்பை மாட்டிக்கொண்டு.

முதல் தடவை அவள் தேறவில்லை. இறங்கும் பாதையில் உயரம் கூடிப்போனதாம். ராத்திரி பத்து மணிக்குப் போன். அவள் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் பறப்பதென்றால் கிட்டத்தட்ட அவர் ஒரு மாதச் சம்பளம்.

"அழாதே தாயி, எங்கே தவறுச்சு சொல்லு" என்றேன்.

"காத்து மாறும்போது எவ்வளவு வேகமா இறங்கணும்னு கணக்குப் போடறதுக்குள்ள பிந்திருது, சின்னத் தாத்தா."

மூன்று டிகிரிச் சரிவில் இறங்க, தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது ஏறக்குறைய வந்துவிடுமாம். 90 நாட் என்றால் 450 அடி. எதிர்காற்றில் 80 ஆகக் குறைந்தால் 400. விமானம் எனக்குத் தெரியாது; வாய்ப்பாடு தெரியும். தினமும் இரவு ஒன்பது மணிக்கு நான் "85" என்பேன், அவள் "425" என்பாள். நடுவில் என் வீட்டம்மாவை "சாப்பிட்டியா? என்ன குழம்பு?" என்று குறுக்கே பேசச் சொன்னேன். வானத்திலும் ரேடியோ குறுக்கே பேசும் அல்லவா? குழம்பையும் சொல்லிவிட்டுக் கணக்கையும் சொல்லுகிற நிலை வர இரண்டு வாரம் ஆயிற்று.

தேர்வு முடிந்ததும் போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "மறைப்பைத் தூக்கினேன் சின்னத் தாத்தா, ரன்வே நேரா முன்னாடி இருந்துச்சு."

இந்தத் தகுதி ஓராண்டுக்குத்தான் செல்லும்; பிறகு மறுபடி சோதனை. அதற்குள் கமர்ஷியல் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்து முடிக்க வேண்டும். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு மட்டும் எனக்கு யாரும் போன் செய்ய வேண்டாம். அது இன்னும் அவள் நேரம்தான்.