வியாழக்கிழமை மாலை, ஆறு மணி



வியாழக்கிழமை மாலைகளில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, பதில் கிடைக்காமல் மனக்குறைப்பட்டவர்கள் உங்களில் பலர் உண்டு. பங்குமனையிலும் இல்லை, லா சப்பல் கடைத்தெருவிலும் இல்லை, இந்தப் பாதர் எங்கேதான் போகிறார் என்று கார் து நோர் வாசலில் நின்று பேசிக்கொண்டதாகவும் அறிந்தேன். மூன்று ஆண்டுகளாக மறைத்ததை இன்று சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்து ஓவியக் கூடங்களின் திறப்பு மாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்குப் பெருமை தருவதன்று.

பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, தமிழ்த் திருப்பலி முடிந்து நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுபவர். மகள் 'பக்' பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறாள். "பாதர், நீங்கள்தான் இவளுக்குச் சொல்ல வேணும். படம் கீறிக்கொண்டிருந்தால் சாப்பாடு வருமே?" என்றார். அந்தப் பிள்ளை என்ன கீறுகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு தாளைக் காட்டு என்றும் சொல்லவில்லை. கணக்கியல் படிக்கும்படியும், கீறுவதை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளும்படியும், தகப்பனின் கைகளைப் பார்க்கும்படியும் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "சரி பாதர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கணக்கியலுக்கும் போகவில்லை, அதன்பின் கோவிலுக்கும் வரவில்லை. இரவு வேலை செய்துகொண்டே ஓவியக் கல்லூரியில் படித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பங்குமனைக்கு ஓர் அட்டை வந்தது. பெல்வில் பக்கத்துச் சிறிய கூடம் ஒன்றின் முகவரி, தேதி, மாலை ஆறு முதல் ஒன்பது வரை, 'வெர்னிசாஜ்' என்று ஒரு சொல். அடியில் பேனாவால், தமிழில்: வந்தால் சந்தோசம்.

லா சப்பல் நிலையத்திலிருந்து பெல்விலுக்கு இரண்டாம் இலக்க மெட்ரோவில் நான்கே நிறுத்தங்கள். ஜோரெஸ் வரை வானத்தில் போகும். பிறகு நிலத்துக்குள் இறங்கிவிடும். நான் இருபது ஆண்டுகளாக அந்த மெட்ரோவில் போகிறவன். பெல்வில் தெருக்களில் ஓவியக் கூடங்கள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

சீமெந்துத் தரை, வெள்ளைச் சுவர்கள், குழல் விளக்குகள். வாசலுக்கு வெளியே புகைப்பவர்கள். உள்ளே கையில் வெள்ளை வைன் கிண்ணத்தோடு நெருக்கியடித்து நிற்பவர்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர்களுக்கு எல்லாருடைய முதுகும்! இவர்கள் எதற்காக வந்தார்கள் என்று முதலில் எனக்குச் சினம் எழுந்தது. பிறகு நம் திருநாள்கள் நினைவுக்கு வந்தன. சுற்றுப்பிரகாரத்தில் அந்தோனியார் முன்னே போய்க்கொண்டிருப்பார். பின்னே நாம் விசாவையும் வீட்டு வாடகையையும் பேசிக்கொண்டு போவோம். வாய் திறக்க எனக்கு உரிமையில்லை என்று விளங்கியது.

அவளுடைய படைப்பு ஒரு கண்ணாடித் தகடு. ஓர் ஆள் உயரம். சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் படமில்லை. வெண்மையான பொட்டுகளும் வழிந்த கோடுகளும் மட்டுமே இருந்தன. துடைக்க மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அவள் அருகில் வந்து, "என்ன நினைக்கிறீங்கள் பாதர்?" என்றாள். "நல்லாயிருக்குப் பிள்ளை" என்றேன். அவள் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை நான் அறிவேன். பூசை உடுப்பு மாற்றும் அறையிலே "சரி பாதர்" என்றபோது இருந்த அதே புன்னகை. பார்க்காமல் ஒரு தீர்ப்பு அன்று சொன்னேன்; பார்க்காமல் இன்னொரு தீர்ப்பு இன்றும் சொல்லிவிட்டேன்.

எனவே பார்க்கப் பழக முடிவு செய்தேன். அறுபது வயதுக்கு மேல் இது எளிதன்று. குருமடத்தில் மெய்யியல் கற்றோம், இறையியல் கற்றோம், இலத்தீனும் ஓரளவு கற்றோம். ஒரு பொருளின் முன் வாய்மூடி நிற்பதற்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

வெர்னிசாஜ் என்றால் வார்னிஷ் பூசுதல். முற்காலத்தில் பாரிசின் பெரிய ஓவியக் காட்சி பொதுமக்களுக்குத் திறக்கப்படுமுன், ஓவியர்கள் வந்து தங்கள் படங்களுக்குக் கடைசிப் பூச்சுக் கொடுப்பார்கள். அந்த வேளையில் நண்பர்களும் வாங்குகிறவர்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று வார்னிஷ் இல்லை. எட்டிப் பார்ப்பவர்கள் மிஞ்சினார்கள். அனுமதிச் சீட்டு கிடையாது, அழைப்பும் பெரும்பாலும் வேண்டியதில்லை. மரே பகுதியில் தெருவைப் பார்த்துப் பெரிய மரக்கதவு சாத்தியிருக்கும். தள்ளினால் முற்றம், முற்றத்தின் கோடியில் கூடம். துரேன் தெருவில் பெரொத்தன் கூடத்துக்கும் தெபெல்லேம் தெருவில் ரோபாக் கூடத்துக்கும் அப்படித்தான் நுழைந்தேன். ஒருவரும் நீ யார் என்று கேட்கவில்லை. ஒரேயொரு தடவை, குருவுக்குரிய கழுத்துப்பட்டியோடு போயிருந்தேன். ஓர் இளைஞர் மிகுந்த மரியாதையோடு அணுகி, நான் அன்றைய நிகழ்த்துகலையின் பாத்திரமா என்று விசாரித்தார். அதன்பின் கழுத்தைச் சுற்றிச் சால்வை.

பார்த்தவற்றில் பாதிக்கு மேல் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில கூடங்களில் படைப்பைவிட அதை விளக்கும் தாள் பெரிது. பாந்தனிலே பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் ரோபாக் 2012இல் திறந்த கூடத்தின் அளவைக் கண்டு திகைத்தேன். உள்ளே இருந்தவற்றுள் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. ஆனால் நமக்கு மிக அருகே, கியூரியல் தெருவிலுள்ள 104 எனக்குச் சொந்த வீடு போல ஆகிவிட்டது. 2008இல் கலைக்கூடமாகத் திறக்கப்படுவதற்கு முன் அது நகராட்சியின் ஈமச்சடங்குப் பணிமனை. சவப்பெட்டிகளும் பிண வண்டிகளும் அங்கிருந்தே நகரெங்கும் புறப்பட்டன. இன்று அதே கூரையின்கீழ் பிள்ளைகள் தரையில் சுழன்று ஆடுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு மறையுரைக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை.

நம்மவர் இந்த நகரத்துக் கூடங்களுக்குப் புதியவர்களுமல்லர். மத்திய இந்தியாவில் பிறந்த ராசா 1950இலேயே இங்கு ஓவியம் படிக்க வந்தார். கொல்லத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான விசுவநாதன் 1968இல் பாரிசுக்கு வந்து இங்கேயே வாழத் தொடங்கினார். இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து மணல் சேகரித்தவர் அவர். வெறும் மணல்! அதைப் படித்தபோதுதான் அந்தக் கண்ணாடித் தகடு முதன்முறையாக என் மனதில் அசைந்தது.

திருச்சபையும் இந்தப் பாடத்தைத் தடுமாறியே கற்றது. ஆல்ப்ஸ் மலையில் அசி என்ற ஊரில் புதிய கோவில் எழுந்தபோது, தொமினிக்கன் சபைக் குரு கூத்தூரியே அக்காலத்தின் பெரும் கலைஞர்களை அங்கு அழைத்தார். அவர்களெல்லாரும் விசுவாசிகளா என்று அவர் பார்க்கவில்லை. ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி பாடுபட்ட சுரூபம் ஒன்று செய்தார். முகம் தெளிவில்லை, உடல் பட்ட மரம் போல் சிலுவையோடு ஒன்றியிருந்தது. 1950இல் கோவில் அபிஷேகமானது. மறு ஆண்டே, எதிர்ப்புக் குரல்கள் எழுந்து, ஆயரின் கட்டளைப்படி அந்தச் சுரூபம் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. அது மீண்டும் பீடத்துக்கு வந்தது 1969இல். பாரிசின் சேன் எஸ்தாஷ் கோவிலிலோ இன்று கீத் ஹாரிங் தன் வாழ்வின் இறுதியில் செய்த கிறிஸ்துவின் வாழ்வு என்ற வெண்கலப் பீடப்படம் இருக்கிறது. அதன்முன் நான் பல தடவை அமர்ந்திருக்கிறேன். அசியின் ஆயரைப் பற்றி எண்ணும்போது கோபம் வருவதில்லை. எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது, அவர் அதைவிட நீண்ட நேரம் யோசித்திருப்பார்.

இந்த வசந்த காலத்தில் மீண்டும் அட்டை வந்தது. இம்முறை முழுக் கூடமும் அவளுக்கே. நான் தகப்பனிடம் போனேன்.

"நான் எப்படி வாறது பாதர்?" என்றார். வரமாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. வியாழன் மாலை ஆறு முதல் ஒன்பது வரை உணவகத்தில் இரவுச் சாப்பாடு போகிற நேரம். அப்போது சமையலறையைவிட்டு ஒருவரும் அசைய முடியாது. மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கும் குறையாத திறப்பு மாலைகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே வைன் அருந்துகிறவர்கள் பிறகு போய் அமரும் மேசைகளின் பின்னால், அதே வேளையில், நம்மவர் கைகள் தண்ணீருக்குள் இருக்கின்றன என்பது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. மகளின் முந்தைய கண்காட்சிகளுக்கும் அவர் போகாததற்குக் காரணம் கோபம் என்றே நான் எண்ணியிருந்தேன். கோபமும் கொஞ்சம் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஒரு புதன்கிழமை, மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையிலுள்ள இடைவேளையில், மூன்றரை மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் மேசையடியில் ஒரு பெண்ணைத் தவிர ஒருவருமில்லை. பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. எல்லாவற்றிலும் பொட்டுகள், கோடுகள்.

நான் என் மூன்றாண்டுப் படிப்பைக் கொண்டு ஏதோ விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. முதலாவது தகட்டின் முன் குந்தியிருந்து, வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது துடைக்காமல் காய விட்டது பாதர். பாரிஸ் தண்ணியில சுண்ணாம்பு கூட. ஒரு கிளாசில இப்பிடி ஒரு பொட்டு இருந்தாலும் ஷெப் திருப்பி அனுப்பிப்போடுவான். வெள்ளை வினாகிரி போட்டுத்தான் எடுக்கிறது."

பிறகு எழும்பி, ஒவ்வொன்றாக, ஒன்றையும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டு போனார். இருபத்தாறு ஆண்டுகள் அவர் ஒவ்வொரு நாளும் துடைத்து அழித்துக்கொண்டிருந்ததை மகள் அழியாமல் வைத்திருக்கிறாள் என்று நான் அப்போதுதான் கண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. ஓரிடத்தில் அவருடைய கை தானாகவே சட்டைக் கைமடிப்பை இழுத்துக்கொண்டு கண்ணாடியை நோக்கிப் போனது. மேசையடியிலிருந்த பெண் பதறி எழுந்தாள். அவர் கையை இறக்கி, பிரெஞ்சில், துடைக்க மாட்டேன் அம்மா, பயப்பட வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, பார்த்தனான். எல்லாம் சரி. ஏழாவது மட்டும் குளிர் தண்ணியில கழுவியிருக்கிறாய் என்ன? வழிஞ்சு போச்சு. மற்றதெல்லாம் சூட்டுத் தண்ணி, நல்ல பொட்டு."

அவள் மறுமுனையில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினாள். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே, மெட்ரோப் படிகளில் இறங்கத் தொடங்கினார். ஆறு மணிக்கு வேலை.