கோட்டம் எடுத்த விமானம்

"உங்கப்பா என்ன பண்றார்?"

காலேஜ்ல சேர்ந்த முதல் நாள். ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு சொல்லணும். எனக்கு முன்னாடி பெஞ்ச்ல இருந்தவனோட அப்பா பேங்க் மேனேஜர். பக்கத்துல இருந்தவனோட அப்பா டாக்டர். என் முறை வந்ததும் "பிசினஸ் சார்"னு சொல்லிட்டு சட்டுனு உட்கார்ந்துட்டேன். என்ன பிசினஸ்னு யாரும் கேட்கலை. நானும் சொல்லலை.

பொய் இல்ல பாஸ், பிசினஸ்தான்! குளித்தலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பத்துக்குப் பத்துல ஒரு தகரக் கொட்டகை. வாசல்ல பஞ்சர் பார்க்க ஒரு தண்ணித் தொட்டி, காத்தடிக்கிற பம்பு, கொக்கியில தொங்குற பழைய டயர்கள். சைக்கிள் கடை. அந்த வருமானத்துலயும் பேங்க் லோன்லயும்தான் நான் ஏரோநாட்டிகல் படிச்சேன். ஆனா மூணு வருஷம் ஹாஸ்டல்ல ஒரு ஈ, காக்காவுக்குக்கூட இதைச் சொல்லலை.

தேர்ட் இயர்ல டிபார்ட்மென்ட் சிம்போசியம். மாடல் போட்டி வெச்சாங்க. பசங்க எல்லாம் ரஃபேல், சுகோய்னு கிளம்பினாங்க. நான் ரொம்பப் புத்திசாலித்தனமா ஒரு பழைய விமானத்தைப் பிடிச்சேன். 1903-ல ரைட் சகோதரர்கள் பறந்த 'ஃப்ளையர்'. 'ரெண்டு ரெக்கை, நடுவுல குச்சி, குறுக்கே கொஞ்சம் நூல். இதுல என்ன கஷ்டம்?'னு நினைச்சேன். ஹி… ஹி…

16-ல ஒரு பங்கு ஸ்கேல். நிஜ விமானத்தோட ரெக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு சுமார் 12.3 மீட்டர். என் மாடல்ல 77 சென்டிமீட்டர். ரெக்கை எலும்புகளுக்கு பால்சா மரம். மேல் ரெக்கைக்கும் கீழ் ரெக்கைக்கும் நடுவுல நிக்கிற தூண்களுக்கு ஊதுபத்திக் குச்சி (ஹாஸ்டலே மணந்தது!). அவங்க பெயின்ட் அடிக்காத மஸ்லின் துணி போர்த்தினாங்க. நான் மல் துணி போர்த்தினேன். கம்பிகளுக்கு, தூண்டில்ல கட்டுற தங்கூசி.

அதுவரைக்கும் எல்லாம் ஜோர். தங்கூசி கட்ட ஆரம்பிச்சதும்தான் சனி பிடிச்சுது.

இந்த மாதிரி விமானத்துல, குச்சிகள் அமுக்கத்தைத் தாங்கும். கம்பிகள் இழுவையைத் தாங்கும். ரெண்டு தூண்களுக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு கட்டத்துலயும் கம்பிகள் பெருக்கல் குறி மாதிரி போகும். பறக்கும்போது ரெக்கை மேல தூக்கும், ஒரு கம்பி அதைப் பிடிச்சு வெச்சுக்கும். தரையில நிக்கும்போது ரெக்கை தொங்கும், அப்போ இன்னொரு கம்பி பிடிச்சுக்கும். ரயில் பாலத்துல இருக்கிற அதே டெக்னிக். 1896-ல ஆக்டேவ் சானூட்னு ஒரு சிவில் இன்ஜினீயர் இதைத் தன்னோட கிளைடர்ல பயன்படுத்தினார். ரைட் பிரதர்ஸும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இதெல்லாம் பரீட்சையில எழுத எனக்கு நல்லாவே தெரியும். ஆனா கையில? ஒரு கட்டத்துல தங்கூசியை இறுக்கினா பக்கத்துக் கட்டத்துல தொளதொளன்னு ஆகுது. அதை இறுக்கினா ரெக்கை முனை, எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி முறுக்கிக்குது. இன்னும் இழுத்தேன். பட்! ஒரு ஊதுபத்திக் குச்சி போச்சு. மூணு தடவை அறுத்து, மூணு தடவை கட்டினேன். போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

நடுவுல நாலு நாள் லீவு. மாடலை அட்டைப்பெட்டியில வெச்சு, கோயம்புத்தூர்லேருந்து குளித்தலை வரைக்கும் மடியிலேயே தூக்கிட்டு வந்தேன். "என்ன தம்பி, ஆர்மோனியமா?"னு கேட்டார் கண்டக்டர்.

ராத்திரி கடையை மூடிட்டு வந்த அப்பா, பெட்டியைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் க்ரீஸ் கறையோட இருந்த விரலை லுங்கியில துடைச்சுக்கிட்டு, ஒவ்வொரு தங்கூசியா லேசா மீட்டினார். ஒண்ணு 'டிங்'னுச்சு. அடுத்தது சத்தமே இல்ல.

"இதுல நாலு கம்பிதாண்டா வேலை செய்யுது. மத்ததெல்லாம் சும்மா நிக்குது."

மறுநாள் காலையில கடைக்கு வரச் சொன்னார். ஒரு பின் சக்கரத்தைக் கவட்டையில மாட்டிச் சுத்திவிட்டார். ரிம் இடதும் வலதுமா ஆடுச்சு. "இதுல நாப்பது போக்ஸ் கம்பி. ரிம் இடது பக்கம் கோணுச்சுன்னா வலதை மட்டும் புடிச்சு இறுக்கக்கூடாது. வலதைக் கால் சுத்து இறுக்கு, இடதைக் கால் சுத்து இளக்கு. அப்புறம் சுத்திவிட்டுப் பாரு. அவசரப்பட்டு ஒரே இடத்துல ஏத்தினேன்னா கோட்டம் வேற இடத்துக்குப் போயிரும்."

சின்ன வயசுலேருந்து அப்பா கோட்டம் எடுக்கிறதை ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். ஒரு தடவைகூட கவனிச்சதில்லை.

என் தங்கூசிகளை எல்லாம் அறுத்துப் போட்டோம். பழைய டெலிபோன் ஒயரை உரிச்சு, அந்தப் பிளாஸ்டிக் தோலை மூணு மில்லிமீட்டர் துண்டுகளா வெட்டினார் அப்பா. தங்கூசியை அதுக்குள்ள ரெண்டா மடிச்சு விட்டா நழுவாது, வேணும்னா இழுத்து இறுக்கலாம், இளக்கலாம். முதல்ல எல்லாத்தையும் இளக்கமா மாட்டினோம். அப்புறம் நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினோம். கம் வெச்சது கடைசியிலதான்.

"வலது ரெக்கை ஆறு மில்லி நீளமா இருக்கே, தப்பா வெட்டிட்டியா?"

"இல்லப்பா, நிஜத்துலயும் அப்படித்தான். நாலு இன்ச் அதிகம். ஓட்டுறவருக்கு வலது பக்கம் இன்ஜின். அது அவரைவிட வெயிட். அதைத் தூக்கத்தான்."

"அப்போ கணக்குப் போட்டுத்தான் கோணலா செஞ்சிருக்கானுங்க!" அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

அன்னிக்குத்தான் சொன்னேன். ரைட் பிரதர்ஸ் அமெரிக்காவுல, டேட்டன்கிற ஊர்ல, சைக்கிள் கடை வெச்சிருந்தவங்க. காலேஜ் படிக்காதவங்க. ரெக்கையை முறுக்கி விமானத்தைச் சாய்க்கிற ஐடியா 1899-ல வந்ததே, சைக்கிள் டியூப் வர்ற நீள அட்டைப்பெட்டியைக் கையில முறுக்கிப் பார்த்தப்போதான். 1901-ல கடை மாடியில காத்துச் சுரங்கம் வெச்சு ரெக்கைகளைச் சோதிச்சாங்க. அதுக்கு வேண்டிய தராசை, ஹாக்ஸா பிளேடும் போக்ஸ் கம்பியும் வெச்சே செஞ்சாங்க. புரொப்பெல்லரைச் சுத்தினது செயின். அந்தச் செயின் சக்கரத்தோட நட் கழண்டுக்கிட்டே இருந்தப்போ, சைக்கிள் டயர் ஒட்டுற சிமென்ட்டை உருக்கி ஊத்தி நிறுத்தினாங்க. 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக் பக்கத்து மணல்ல முதல் பறத்தல் 12 செகண்ட், 37 மீட்டர். அதே நாள் நாலாவது பறத்தல் 59 செகண்ட்.

அப்பா கையில இருந்த வேலையை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தார். "அவங்க ரெண்டு பேரும் பறக்கப் போயிட்டா, கடையை யாருடா பார்த்துக்கிட்டது?"

"சார்லி டெய்லர்னு ஒரு மெக்கானிக்ப்பா. விமானத்தோட இன்ஜினைச் செஞ்சதே அவர்தான். ஆறே வாரத்துல."

"அப்புறம் ஏன் அந்த ஆள் பேரை யாரும் சொல்றதில்ல?"

எனக்குப் பதில் தெரியலை. ஒரு தங்கூசியை இறுக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

போட்டி அன்னிக்கு, வெளியூர்லேருந்து வந்த நடுவர் என் டேபிள் முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். இடுப்பு வைக்கிற தொட்டிலை நான் நகர்த்தினதும், ரெக்கையோட முன் விளிம்பு அசையாம நிக்க, பின் முனைகள் மட்டும் ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறுச்சு. நிஜ விமானம் மாதிரியே! ஒரு தங்கூசிகூடத் தொங்கலை. அவர் விரலால மீட்டிப் பார்த்தார்.

"டென்ஷன் இவ்வளவு சமமா இருக்கே. ரிக்கிங் யார்கிட்ட கத்துக்கிட்டே?"

சுத்தி என் கிளாஸ் பசங்க. பேங்க் மேனேஜர் பையன், டாக்டர் பையன், எல்லாரும்.

"யூடியூப் பார்த்து நானே கத்துக்கிட்டேன் சார்."

செகண்ட் பிரைஸ். அன்னிக்கு ராத்திரி அப்பா போன் பண்ணினார். "என்னடா சொன்னாங்க?" "ரிக்கிங் சூப்பர்னு சொன்னாங்கப்பா." "அப்படியா!"ன்னார். அந்த 'அப்படியா'வுல இருந்த சந்தோஷம் இருக்கே… அதை என்னால தாங்க முடியலை. மறுநாள் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லியிருக்கார். அப்பவும் 'எம் பையன் செஞ்சது'ன்னுதான் சொன்னாராம். தன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அந்த மாடல் இப்போ கடையில, பழைய டயர்களுக்குப் பக்கத்துல தொங்குது. மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டு தங்கூசி இளகும். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, சரி பண்ணிட்டு இறங்குவார்.

நான் மட்டும் இன்னும் சரி பண்ணலை. அதனாலதான் இதை எழுதுறேன். என் கிளாஸ்மேட்ஸ் யாராவது படிச்சா, அன்னிக்கு நடுவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: மாடல் செஞ்சது நான். கோட்டம் எடுத்தது எங்கப்பா. குளித்தலையில சைக்கிள் கடை வெச்சிருக்கார்.