பத்து மில்லிமீற்றர்

மோட்டார் வண்டியின் சில்லைப் பற்றிக் கலைப்பீட மாணவி ஒருத்தி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். பொறியியற் பீடத்து நண்பர்கள் பிழை பிடிப்பதற்கென்றே இதனைப் படிக்கவுங் கூடும்; படிக்கட்டும். சென்ற விடுமுறையில் ஜேர்மனியிலுள்ள சித்தப்பாவின் இல்லத்தில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அங்கு கண்ட மாடமாளிகைகளை மறந்துவிட்டேன். வாகனப் பரிசோதனை நிலையம் ஒன்றின் முற்றத்திற் கழிந்த ஒரு முற்பகல் மட்டும் நெஞ்சை விட்டு நீங்காதிருக்கின்றது.

சித்தப்பா யாழ்ப்பாண நகரில் ஒரு கராச்சிலே தொழில் பழகியவர். 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை நம்மவர் அறிவர். தொடக்கி வைக்கச் சில துளி பெற்றோல். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய். அவ்வித்தையைச் செய்த கைகளுள் சித்தப்பாவின் கைகளும் அடங்கும். இல்லாத உதிரிப்பாகத்தை இருக்கின்ற இரும்பிலிருந்து கடைந்தெடுப்பதே அன்றைய தொழில். அதற்கு எவரும் சான்றிதழ் கேட்டதில்லை. கடதாசி வேறொன்றுக்கே வேண்டியிருந்தது: ஊரைவிட்டு வெளியேறுவதற்கான 'பாஸ்'. பின்னர் ஜேர்மனியிலும், நாடு கடத்தாது தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்வதாகக் கூறும் அகதிச் சீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே அவர் பல ஆண்டுகளைக் கழித்தார். ஆதலின் 'கடதாசி' என்ற சொல் அவர் வாயிற் கசப்போடுதான் பிறக்கும். இன்று அவர் ஓர் இயந்திரத் தொழிற்சாலையிற் கடைசற்காரர்.

அவருடைய மகன், எனக்குத் தம்பி முறையானவன், இருபத்தொரு வயதினன். ஐந்தாந் தலைமுறைக் கோல்ஃப் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, குட்டையான ஸ்பிறிங்குகளைப் பூட்டி 40 மில்லிமீற்றர் தாழ்த்தியிருந்தான். 16 அங்குலச் சில்லுகள் கழன்று 18 அங்குல அலோய்ச் சில்லுகள் ஏறியிருந்தன. உண்மையைச் சொன்னால், அதன் அழகு எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னாலே தேங்காய் மூட்டை ஏற்றிய கார் போலவே அது தோன்றியது. இதனைச் சொன்னபோது தம்பி இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

சித்தப்பா முதலில் வெறுத்தார். பின்பு, தொழிலறிந்தவர் ஆதலால், தாமே அதில் ஆழ்ந்துவிட்டார். ஒருநாள் இரவு உணவு மேசையில் என்னைக் கணக்குப் பார்க்க வைத்தார். முன்பிருந்த ரயர் 205/55 R16. அதாவது அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 55. உள்ளே 16 அங்குலச் சில்லு. புதியது 225/40 R18. சில்லு பெருக்கும்போது ரயரின் சுவர் குறுகுவதால், முழு விட்டம் 632 மில்லிமீற்றரிலிருந்து 637 ஆக மட்டுமே கூடுகின்றது. வேகமானி ஏறக்குறைய முன்போலவே காட்டும். இதுவரை இடரில்லை. இடர் அகலவாட்டில் உள்ளது. சில்லின் நடுக்கோட்டுக்கும், அது குடத்தோடு பொருந்தும் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைச் சில்லிலேயே பொறித்திருப்பார்கள். அந்த எண் குறையக் குறையச் சில்லு வெளியே தள்ளும். ஆறரை அங்குல அகலமும் 50 என்ற எண்ணுங் கொண்ட சில்லுக்குப் பதிலாக எட்டு அங்குல அகலமும் 45 என்ற எண்ணுங் கொண்டது வந்ததால், விளிம்பு வெளிப்புறம் 24 மில்லிமீற்றரும் உட்புறம் 14 மில்லிமீற்றரும் நீண்டிருந்தது. அப்படியிருந்தும் பின்சில்லு மட்காட்டுக்குள் அமிழ்ந்து கிடப்பதாகத் தம்பிக்குக் குறை. அதனை இன்னும் பத்து மில்லிமீற்றர் வெளியே கொணர, குடத்துக்கும் சில்லுக்கும் இடையே 'ஸ்பேசர்' எனப்படும் வட்டத் தட்டு ஒன்றைச் செருகவேண்டும்.

அத்தட்டுகளைச் சித்தப்பா வேலை முடிந்த நேரத்தில் தாமே அலுமினியத்திற் கடைந்தார், நான் அங்கு போய்ச் சேருவதற்குச் சில நாள் முன்பே. நடுத்துளை 57.1 மில்லிமீற்றர். குடத்தில் வைத்தால் இம்மியும் ஆடாது அமரும். அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த களிப்பை நான் அதற்குமுன் அங்கு கண்டதில்லை.

அந்நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் மிகக் கண்டிப்பானது. பிறருக்கு ஆபத்து விளையக்கூடுமென எதிர்பார்க்கத்தக்க மாற்றம் எதனையும் செய்தால், வண்டியை ஓட்டுவதற்குரிய அனுமதியே அற்றுப்போகும் என வீதிப் போக்குவரத்து அனுமதி விதிகளின் 19ஆம் பிரிவு கூறுகின்றது. மாற்றத்தையே தடுக்கிறார்கள் என்பதன்று. நிபுணர் அறிக்கையுடைய பாகத்தை வாங்கிப் பூட்டி, தாமதியாது தூஃப், டெக்ரா போன்ற நிறுவனமொன்றின் பரிசோதகரிடங் காட்டிப் பதியவேண்டும். ஸ்பிறிங்குக்கு ஓர் அறிக்கை, சில்லுக்கு ஓர் அறிக்கை இருந்தாலும் போதாது. இரண்டுஞ் சேர்ந்தபோது உண்டாகும் நிலையைத் தனியே ஆராய்வர். புணர்ச்சி விதி படித்த எனக்கு இது விளங்க நேரமெடுக்கவில்லை. தனித்தனியே பிழையற்ற இரு சொற்கள் கூடுமிடத்திலேதானே திரிபும் கேடும் நிகழ்கின்றன!

பரிசோதகர் நடுவயதினர், கடுமையானவர் அல்லர். ஸ்பிறிங்கின் தாளைப் பார்த்தார், சில்லின் தாளைப் பார்த்தார், தட்டுக்கு உரியதைக் கேட்டார். "நான் கடைந்தது" என்றார் சித்தப்பா. நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்த மிகுதித் தட்டை அவர் வாங்கி, அளவுகோலால் நாலைந்து இடத்தில் அளந்து, தலையசைத்தார். "வேலை மிகச் சிறந்தது. ஆனால் இது எந்த அலுமினியம் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு இந்தக் காரை வாங்குபவருக்குந் தெரியாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சித்தப்பா என் பக்கந் திரும்பித் தமிழிற் சொன்னார்: "முப்பது வரியம் லேத்திலை நிண்டவன்ரை கையிலும் பாக்கக் கடதாசி பெரிசாப் போச்சுது, பாத்தியோ பிள்ளை."

அக்கணத்தில் நான் முழுமையாக அவர் பக்கமே நின்றேன்.

பரிசோதகர் விட்டபாடில்லை. பின்சில்லின் போல்ட் ஒன்றை இளக்கி, கையால் எத்தனை சுற்றுக்கு வெளிவருகிறதென எண்ணும்படி தம்பியைப் பணித்தார். 14 மில்லிமீற்றர் தடிப்பும் ஒன்றரை மில்லிமீற்றர் புரியிடையுங் கொண்ட அத்தகைய போல்ட் ஏழரைச் சுற்றாவது உள்ளே சென்றிருத்தல் வேண்டும். தம்பி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. போல்ட் அவன் கையோடு வந்துவிட்டது.

பத்து மில்லிமீற்றர்த் தட்டு இடையிற் புகுந்தால் ஆறு சுற்றுக்கு மேற் பறிபோகும். அதற்கு ஈடாக நீண்ட போல்டுகள் வேண்டும். சித்தப்பா அவற்றுக்குச் சொல்லிவைத்து, அவை வரும்வரை தட்டைப் பூட்டவேண்டாம் என்றுங் கூறியிருந்தார். தம்பி பொறுக்கவில்லை. பழைய போல்டுகளாலேயே பூட்டிவிட்டு, நீண்டவை வந்து பூட்டியாயிற்று என்று தந்தையிடம் பொய் சொல்லியிருந்தான்.

சித்தப்பா ஏசவில்லை. "அக்காவை எயாப்போட்டிலையிருந்து கூட்டிக்கொண்டு வந்தது இதிலைதானே?" என்று மட்டுங் கேட்டார். தம்பி விடை கூறவில்லை. அன்று அதிவேகப் பெருந்தெருவில் முள் 150ஐத் தாண்டியதையும், நான் பயந்து சிரித்ததையும், பின்னாசனத்தில் தங்கை நித்திரையாயிருந்ததையும் நினைத்துக்கொண்டேன். சித்தப்பா முற்றத்தின் கல்விளிம்பில் அமர்ந்துவிட்டார். சிறிது நேரங் கழித்து எழுந்து, தாமே ஜாக்கி வைத்து, தாம் கடைந்த தட்டுகளைத் தம் கையாலேயே கழற்றிச் சில்லுகளைத் திரும்பப் பூட்டினார். இப்போது போல்ட் ஒன்பது சுற்றுக்கு மேற் சென்றது. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார்.

பரிசோதகர் வென்றார், சித்தப்பா தோற்றார் என நான் எழுத விரும்பவில்லை. அவருடைய தட்டில் யாதொரு குறையும் இருந்ததில்லை என்றே இன்றும் நம்புகின்றேன். ஆயினும் தட்டுக்குத் தாள் கேட்ட அதே வழக்கமே போல்டின் சுற்றையும் எண்ணுவித்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட எனக்குத் தெரியவில்லை.

நான்கு நாள் தந்தையும் மகனும் பேசவில்லை. ஐந்தாம் நாள் சித்தப்பா கடையிலிருந்து அறிக்கையுடன் கூடிய தட்டுகளையும் அவற்றுக்குரிய போல்டுகளையும் வாங்கி வந்து, அந்த ஜேர்மன் தாளை அகராதியோடு இருந்து ஒரு வரி விடாது படித்தார். போல்டின் தலையடி சில அலோய்ச் சில்லுகளுக்குக் கூம்பாகவும், கம்பனிச் சில்லுகளுக்கு உருண்டையாகவும் இருக்கவேண்டும்; மாறினால் இறுக்கம் பொய்யாகிவிடும் என்பதை எனக்கும் விளக்கினார். இரண்டாம் முறை அதே பரிசோதகர், முன் வலச்சில்லையும் பின் இடச்சில்லையும் ஒருங்கே உயர்த்தி, ரயர் எங்காவது உரசுகிறதா என விளக்குப் பிடித்துப் பார்த்தார். ரயரின் மிதிபரப்பு, சில்லின் நடுவிலிருந்து முன்னே 30 பாகையும் பின்னே 50 பாகையும் மட்காட்டினால் மூடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தார். பதிவு கிடைத்தது. சித்தப்பா கடைந்த தட்டுகளில் ஒன்று இப்போது எனது மேசையில் விரிவுரைக் குறிப்புகளின் மேல் இருக்கின்றது.

நான் திரும்புவதற்கு முந்திய கிழமை ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளுக்குத் தேர். 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட கோயில்; ஐரோப்பாவிலுள்ள நம்மவர் பெருந்திரளாகக் கூடுமிடம். முதல்நாள் மாலைதான் சில்லுகளை மீளப் பூட்டியிருந்தார்கள். ஐவரும் அக்காரிலேயே புறப்பட்டோம். 50 கிலோமீற்றர் ஓடியதும் சித்தப்பா தெருவோரத் தரிப்பிடமொன்றில் நிறுத்தச் சொன்னார். போல்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டுமென அறிக்கையில் இருந்ததாம்.

"தேர் வெளிக்கிட்டிடுமப்பா" என்றார் சித்தி, பட்டுச்சேலையை ஒதுக்கியபடி.

"வெளிக்கிடட்டும்."

தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, 120 நியூட்டன் மீற்றருக்கு வைத்த ஸ்பானருடன் குந்தினான். குறித்த விசையை எட்டியதும் 'டிக்' என்று ஒலிக்கும் ஸ்பானர் அது. பத்துப் போல்டுகள் அசையாமலே ஒலித்தன. பதினோராவது சற்றே அசைந்து, பின்னரே ஒலித்தது. தம்பி நிமிர்ந்து தந்தையைப் பார்த்தான். "ம், மிச்சத்தையும் பார்" என்றார் சித்தப்பா. இன்னும் ஒன்பது இருந்தன.