மீனுக்குச் சாப்பாடு போடலாமா?

அம்மா கிள்ளானிலிருந்து லீட்ஸுக்கு வந்தது 2022 டிசம்பர் முதல் வாரத்தில். வேலை நிமித்தமாக நாங்கள் இங்கிலாந்தில் குடியேறி அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் காலை சமையலறைச் சன்னல் வழியாகப் பின்தோட்டத்தைப் பார்த்தவர், "அது என்ன தம்பி, தண்ணிக்கு மேல வலை?" என்று கேட்டார்.

வலை, நாரைக்காக. அதன் கீழே இரண்டரை அடி ஆழத்தில் நானே தோண்டி ரப்பர் விரிப்புப் போட்ட சின்னக் குளம். அதில் ஒன்பது தங்கமீன்கள். விசிறி போல இரட்டை வால் விரியும் ரகம். மீன் வளர்க்கும் ஒரு நண்பர் ஆகஸ்டில் கொடுத்த குஞ்சுகள் அவை. எல்லாம் அந்த ஆண்டு மே மாதம் பொரித்தவை.

வந்தபோது அவற்றைத் தங்கமீன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தங்கமீன் குஞ்சுகள் முதலில் வெண்கலத் துரு நிறத்தில்தான் இருக்கும். பிறகு வயிற்றுப் பக்கம் மஞ்சள் ஏறி, மெல்ல மெல்ல ஆரஞ்சு மேலே பரவும். என் மகன் தினமும் பள்ளி விட்டு வந்ததும், எந்த மீன் நிறம் மாறியிருக்கிறது என்று பார்க்க ஓடுவான்.

குளிர் நாட்டில் குஞ்சுகளுக்கு முதல் குளிர்காலம்தான் பெரிய சோதனை. கோடையில் அவை உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் அந்த மாதங்களைத் தாண்ட உதவும். அதனால் செப்டம்பர் முடியும்வரை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட்டேன். சிறு உருண்டைத் தீனி, தோலுரித்த பட்டாணி, டாப்னியா என்னும் நீர்ப்பூச்சி. வால் நீங்கலாக இரண்டு அங்குலமாவது வளர்ந்தால்தான் வெளியே விடலாம், மற்றதை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வை என்று நண்பர் சொல்லியிருந்தார்.

தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கியதும் தீனியை நிறுத்திவிட வேண்டும். மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். குளிரில் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும். போட்ட தீனி வயிற்றிலும் கெடும், தண்ணீரிலும் அழுகும். நான்கு டிகிரியில் தண்ணீர் மிகக் கனமாகி அடியில் தங்கிவிடுவதால், மேலே பனிக்கட்டி மூடினாலும் ஆழத்தில் மீன் உயிரோடு இருக்கும். அந்த அடித்தண்ணீரைக் கலக்காமலிருக்க பம்பைக்கூட மேலே தூக்கி வைத்திருந்தேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் ஏற்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "சாப்பிட்டியா?" என்பதுதான் அம்மாவின் முதல் வார்த்தை. "வாயில்லா ஜீவனை மூணு மாசம் பட்டினி போடுவாங்களா?" என்று என் மனைவியிடம் முணுமுணுத்தாராம்.

இரண்டாவது வாரம் கடுங்குளிர் வந்தது. குளம் உறைந்தது. பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்தால் அந்த அதிர்ச்சி மீன்களைத் தாக்கும். அதனால் சூடான தண்ணீருள்ள சட்டியைப் பனிக்கட்டி மேல் வைத்து, காற்றுப் போக ஒரு துளை உருக்குவேன். சில நாள் கழித்துப் பனி விலகியபோது தண்ணீர் கலங்கியிருந்தது. அடியில் சோற்றுப் பருக்கைகள். ஓரமாக இரண்டு மீன்கள் மிதந்தன.

நான் கத்தினேன். "யாரும்மா உங்களப் போடச் சொன்னது? எத்தனை தடவை சொன்னேன்!" மகன் அழுதான். அம்மா ஒன்றும் பேசவில்லை. "பசிக்குமேன்னு நெனச்சேன்யா" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அதன் பிறகு ஊர் திரும்பும்வரை அந்தச் சன்னல் பக்கம் அவர் நிற்கவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். செத்தவை, ஒன்பதில் மிகச் சிறியவை. இரண்டும் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று அக்டோபரிலேயே எனக்குத் தெரியும். கண்ணாடித் தொட்டி வாங்க, இடம் ஒதுக்க, வடிகட்டி பொருத்த என்று வேலை இருந்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அம்மா போட்ட சோறு நல்லது செய்யவில்லை. ஆனால் அது இல்லாமலும் அந்த இரண்டும் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். மற்ற ஏழும் அதே தண்ணீரில்தான் இருந்தன. ஏப்ரலில் ஏழும் மேலே வந்து வாய் திறந்து தீனி கேட்டன.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது கிள்ளானுக்கே திரும்பிவிட்டோம். வீட்டு முன்னால் பைபர் தொட்டி வைத்து, வெயில் தாங்க மேலே கறுப்பு வலை கட்டியிருக்கிறேன். இங்கே குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் குஞ்சுகள் தின்னும், வளரும். சூடான தண்ணீரில் காற்று குறைவு, கழிவும் அதிகம். அதனால் காற்றுக் குழாயும் அடிக்கடி தண்ணீர் மாற்றுவதும்தான் இங்கே முக்கியம்.

அம்மாதான் தீனி போடுகிறார். ஆனால் காலையும் மாலையும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, மீனுக்குச் சாப்பாடு போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். ஒருநாள்கூட கேட்காமல் போட்டதில்லை. நானும் "போடுங்கம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை இந்த இதழை ஒரு பக்கம் விடாமல் படிப்பவர். நேரில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதிவிட்டேன். அந்த இரண்டு மீன்களும் என் சோம்பலால் செத்தவை, அம்மா. இனிமேல் என்னிடம் கேட்க வேண்டாம்.