இருப்புப்பாதையை ஒட்டி ஒரு பிரயாணம்

பிரயாணம் செய்வதே அரிது, அதற்குத் திட்டம் வகுப்பது எளிது என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதை நாங்கள் மூவர் சென்ற பருவத்தில் அறிந்துகொண்டோம். அவ்வரலாற்றைச் சக மாணவர்க்குக் கூற விழைகின்றோம்.

ஒருநாள் மாலை கல்லூரி நூல்நிலையத்தில் நியூஸிலாந்து தேசத்தைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தோம். அத்தேசத்தில் ஒட்டாகோ என்னும் பகுதியின் உள்நாடு மழை குறைந்த நிலம். அங்கே 1990-ஆம் ஆண்டில் மூடப்பட்ட இருப்புப்பாதை ஒன்றின் தண்டவாளங்களை அகற்றி, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரத்தைச் சைக்கிள் வழியாக்கி, 2000-இல் திறந்து வைத்தனர். பழைய பாலங்களின்மேலும் குகைவழிகளினூடும் மக்கள் பல நாள் சைக்கிளில் செல்கின்றனராம். நம் வறண்ட சீமையிலும் இத்தகைய வழி உண்டோ என்ற ஆவல் எங்களுக்கு உண்டாயிற்று.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியே மானாமதுரைக்குச் செல்லும் பாதை நினைவிற்கு வந்தது. 1963, 1964 ஆண்டுகளில் திறக்கப்பட்ட அந்த மீட்டர் பாதை பின்னர் மாற்றப்பட்டதென்று கேள்வியுற்றிருந்தோம். விசாரித்ததில், மாற்றப்பட்டது உண்மையே. ஆனால் சைக்கிளுக்காக அன்று! 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக அமைக்கப்பெற்று, 2013 முதல் மீண்டும் வண்டிகள் ஓடுகின்றன. சிலம்பு எக்ஸ்பிரஸ் ஓடுமிடத்தில் சைக்கிளுக்கு இடமேது? தண்டவாளத்தின்மீது அத்துமீறிச் செல்லுதல் குற்றமுமாகும். ஆகவே, அருகிலுள்ள சாலைகளின் வழியே நிலையம் நிலையமாகச் செல்வதென்று துணிந்தோம்.

பாதையின் நீளம் ஏறக்குறைய 67 கிலோமீட்டர். மணிக்குப் பதினைந்து வீதம் கணக்கிட்டால் ஐந்து மணி நேரத்திற்குள் முடியும். இடையில் தங்கிப் பார்ப்பதையும் சேர்த்து ஒரே பகலில் மானாமதுரை! இங்ஙனம் தாளில் எழுதி மகிழ்ந்தோம்.

எங்கள் விடுதி நண்பர் ஒருவர் நரிக்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரினர். அவரை அழைத்தோம், வர இயலாது என்றார். சொந்த ஊர்ப்பக்கம் வருவதற்கும் சோம்பலோ என்று நகைத்தோம். அவர் மறுமொழி கூறாமல் எங்கள் தாளைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, "நண்பகலில் எங்கே இருப்பீர்கள்?" என்று வினவினார்.

"திருச்சுழியைக் கடந்து நரிக்குடிக்கு முன்னர்."

"அங்கே எவ்விடத்தில் தண்ணீர் குடிப்பீர்கள்? எந்த மரத்தடியில் நிற்பீர்கள்?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. தூரத்தை அளந்தோமேயன்றி நிழலை அளக்கவில்லை.

அவர் பென்சிலை வாங்கித் தாளின் பின்புறத்தில் வரையலானார். புகைவண்டி நேரே செல்லுமிடத்தில் சாலை கண்மாய்க் கரையைச் சுற்றி வளைவதையும், குடிக்கத்தக்க ஊருணி இன்ன ஊரில் என்பதையும், தேநீர்க் கடைகளையும், ஆலமரங்களையும் குறித்தார். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து டியூபையும் கெடுக்கும். ஆதலால் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் பம்பும் இன்றியமையாதன என்றார். காலை பத்து மணிக்குமேல் வெயிலில் மிதிக்கலாகாது என்றும் எச்சரித்தார்.

"இவ்வளவும் அறிந்த நீங்கள் வராமலிருப்பது ஏன்?" என்றோம். சிறிது தயங்கியபின், பள்ளியில் அரசாங்கம் தமக்கு வழங்கிய சைக்கிளில் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் தங்கை பள்ளிக்குச் செல்வதாகக் கூறினார். நாங்கள் தலைகுனிந்தோம். ஒரு சொல் கேட்டிருந்தால் அறிந்திருக்கக்கூடியதை, நகைத்தமையால் அறியாது போனோம்.

அன்றிரவே பழைய திட்டத்தைக் கிழித்தெறிந்தோம். புதிய திட்டத்தில் மூன்று சைக்கிள், நான்கு பேர், மூன்று நாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் முறைவைத்து மூட்டைகளுடன் பேருந்தில் முன்சென்று காத்திருப்பார். மற்ற மூவர் மிதிப்பர்.

முதல்நாள், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீனாகிய பாலவநத்தம் கண்டு, தறிகள் மிகுந்த அருப்புக்கோட்டையில் தங்குவோம். இரண்டாம் நாள் குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழி. திருமேனிநாதர் கோயிலையும், 1879-இல் ரமண மகரிஷி பிறந்த இல்லத்தையும் அங்கே காண்போம். அவர் 1896-இல் திருவண்ணாமலைக்குப் புகைவண்டியேறியது மதுரையில். திருச்சுழிக்கு இருப்புப்பாதை வர மேலும் 68 ஆண்டுகள் சென்றன. அன்றிரவு நண்பர் இல்லத்தில் தங்கல். மூன்றாம் நாள், கடம் வனையும் குயவர் வாழும் மானாமதுரையையும் வைகைக் கரையையும் அடைவோம்.

மழைக்காலம் கழிந்து கண்மாய்களில் நீர் நிற்கும் தை மாதத்தில் புறப்படுவதாக இருக்கிறோம். இன்னும் ஓரடியும் மிதித்திலோம். எனினும், வழியை வரைபடத்திற் காணுமுன் வழியறிந்தவரை வினவ வேண்டுமென்பதை இத்திட்டமே எங்களுக்குக் கற்பித்தது. நண்பரின் பென்சில் படம் இப்பொழுது எங்கள் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதற் கட்டத்தில் மூட்டை சுமப்பவர் யார் என்பதற்குச் சீட்டுப் போட்டோம். அது இதனை எழுதும் எங்களுள் ஒருவருக்கே விழுந்தது.