பத்து வினாடிக் கதை

ஓய்வு பெற்றபின் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "புத்தகத்துக்குப் பித்தான் தைக்கிறேன்" என்று சொல்லி வருகிறேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன மின்னணுப் பலகை கிடைக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு மூலையில் மைக், ஒரு சிறு ஒலிபெருக்கி, இரண்டு மூன்று பித்தான்கள். நடுவில் இருக்கும் சில்லுக்கு ஐ.எஸ்.டி. 1820 என்று பெயர். ஒரு பித்தானை அழுத்திக்கொண்டு பேசினால் பதிவாகும். இன்னொன்றை அழுத்தினால் பேசியதைத் திருப்பிச் சொல்லும். பேட்டரியைக் கழற்றினாலும் குரல் அழியாது. நூறு ஆண்டு தங்கும் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். நான் இருந்து சரிபார்க்கப் போவதில்லை. நான் வாங்கியபோது ஒன்று நூற்றைம்பது ரூபாய்க்குள்தான் ஆயிற்று. பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாடுமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதற்கு ஜவ்வாது மலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள்.

நான் பணியின் கடைசி ஆண்டுகளில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் இருந்தேன். அங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளிகள். கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்று அவர்களுக்குள் ஒரு கதை உண்டு. தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய புத்தகத்திலும் அந்தக் கதை இருக்கிறது.

கார்த்திகை வாக்கில் சாமை அறுப்பு முடிந்துவிடும். மானாவாரி நிலம், அதற்குமேல் அங்கே வேலை கிடையாது. பெற்றவர்கள் குடகுக்கோ கேரளத்துக்கோ காப்பி பறிக்கவும் மிளகு பறிக்கவும் போய்விடுவார்கள். சிலர் திருப்பூருக்கு. பிள்ளை விடுதியில் இருக்கும், இல்லையென்றால் ஆயா வீட்டில். மூன்று நான்கு மாதம் அப்படித்தான். ராத்திரி விளக்கணைத்த பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் படுத்திருக்கும் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த மாதங்கள் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

போனவர்கள் எல்லோரும் திரும்புவதும் இல்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அதில் பலர் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். இப்படிப் போனவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒரு ஸ்டாம்ப் அளவுப் படம் இருக்கும், ஏதோ அட்டைக்காக எடுத்தது. குரல் இருக்காது.

கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எஸ்டேட்டில் சிக்னல் இருந்தால் மலையில் இருக்காது, மலையில் கிடைக்கும் நேரத்தில் அங்கே பறிப்பு நடக்கும். விடுதிப் பிள்ளையின் கையில் போன் கொடுப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசுவார்கள். பேசும்போது அந்தப் பிள்ளைகள் ஒன்றும் பேசாது, "ம்" கொட்டும்.

என் யோசனை எளிமையானதுதான். அம்மா ஊருக்குப் போகும் முன் ஒரு கதையைச் சொல்லட்டும். பிள்ளை அதற்குப் படம் வரையட்டும். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்து, நடுவில் தைத்தால் புத்தகம். பின்னட்டையை மட்டும் அட்டைப்பெட்டியை வெட்டி விரல் கனத்துக்கு மேல் பெட்டி மாதிரி செய்து, உள்ளே ஐந்து பலகைகளை வைத்தேன். ஓரத்தில் ஐந்து பித்தான், ஐந்து நிறத்தில். பக்கத்திலும் அதே நிறத்தில் ஒரு பொட்டு. மஞ்சள் பக்கம் வந்தால் மஞ்சள் பித்தான். இரண்டு பென்சில் செல் போட்டால் வெகுநாள் ஓடும்.

இதில் ஒரு சிக்கல், நேரம். ஒரு பலகைக்குப் பத்து வினாடி. உள்ளே இருக்கும் ஒரு மின்தடையை மாற்றினால் இருபது வினாடி வரை இழுக்கலாம். ஆனால் குரல் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். அம்மா குரல் அம்மா குரலாக இருக்கவேண்டும் என்பதால் பத்திலேயே நிறுத்தினேன்.

பத்து வினாடியில் யார் கதை சொல்வார்கள்? முதலில் வந்த தாய்க்கு முப்பது வயதிருக்கும். கரடி தேன் எடுக்கப் போன கதை நன்றாகச் சொல்வாள் என்று அவள் மகனே சொல்லியிருந்தான், மூன்றாம் வகுப்பு. பித்தானை அழுத்திப் பேசம்மா என்றேன். அவள் அதைக் கையில் வாங்கி, வாயருகே வைத்து, பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "சாப்டியா? தலைக்கு எண்ணெ வச்சியா? ஆயாகிட்ட சண்டெ போடாத." பத்து வினாடி முடிந்துபோயிற்று.

"கதையைச் சொல்லும்மா, இதை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்" என்றேன்.

"அழிக்காத சாரு, அது இருக்கட்டும். கதையெ அடுத்த பித்தான்ல சொல்றன்."

அப்படித்தான் அந்தப் புத்தகத்தில் முதல் பித்தானுக்குப் படம் கிடையாது. கரடிக் கதை நான்கு பித்தானுக்குள் முடிந்தது. கரடி மரமேறுவது, தேனீ துரத்துவது, பள்ளத்தில் விழுவது, பலாப்பழத்தின் மேல் உட்கார்ந்துவிடுவது. கடைசிப் பக்கத்தில் அவளே சிரித்துவிட்டாள், சிரிப்பும் பதிவாகிவிட்டது.

பதிவு முடிந்ததும் நான் செய்யும் முதல் வேலை, பதிவுப் பித்தானைச் சால்டரிங் இரும்பால் சூடுகாட்டிக் கழற்றிவிடுவது. பலகையில் இரண்டு பித்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிள்ளை தவறிப்போய்ப் பதிவுப் பித்தானைத் தொட்டால் பழைய குரல் போயிற்று, அம்மா குடகில் இருக்கிறாள். வீட்டுப் பேரனுக்கு யாராவது செய்வதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்.

வேறு வழிகளும் பார்த்தேன். பிரிட்டனில் பார்வையற்றோருக்காக ஆர்.என்.ஐ.பி. என்ற அமைப்பு விற்கும் பேசும் பேனா ஒன்று உண்டு, பென்ஃபிரெண்ட் என்று பெயர். ஒட்டும் வில்லைகளில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிக் கோலம் அச்சிட்டிருக்கும். பேனா முனை அதைப் படித்து, அந்த வில்லைக்கு நாம் பேசிவைத்ததைச் சொல்லும். மருந்துப் புட்டி, சட்டை, மளிகை டப்பா எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். மிக நல்ல பொருள். ஆனால் குரல் இருப்பது பேனாவுக்குள், வில்லையில் இல்லை. பேனா தொலைந்தால் வீடு முழுக்க ஊமை. கியூ.ஆர். கட்டமும் அப்படித்தான். 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிப்பாகங்களை எண்ணுவதற்காகச் செய்தது, 2018 முதல் நம் பள்ளிப் பாடநூல்களிலும் வந்துவிட்டது. பத்து வினாடிக் கணக்கில்லை, ஒரு மணிநேரக் கதையும் வைக்கலாம். ஆனால் போன் வேண்டும், சிக்னல் வேண்டும், அந்தக் குரலை எங்கோ ஓர் இடத்தில் யாரோ வைத்துக் காப்பாற்ற வேண்டும். எனக்குக் குரல் பொருளுக்குள்ளேயே இருப்பதுதான் பிடித்திருக்கிறது. இது என் வயதின் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

எடிசன் 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தபின், அது எதற்கெல்லாம் உதவும் என்று அடுத்த ஆண்டே ஒரு பட்டியல் போட்டார். பாட்டு அதில் ஒன்று மட்டும்தான். கடிதம் சொல்லி எழுதவைப்பது, பார்வையற்றோருக்குப் பேசும் புத்தகம், வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் குரலிலேயே வைத்திருப்பது எல்லாம் அதில் இருந்தன. 1890-ல் பேசும் பொம்மையும் விற்றார். அதன் குரலைக் கேட்டுக் குழந்தைகள் பயந்துவிட்டன, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக் குரல் என்ற யோசனையை நம்மூரில் நிறைவேற்றியது கேசட்தான். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் எண்பதுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். வீட்டில் டேப் ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். மனைவிக்கு மட்டும் சொன்னது கடைசியில் இருக்கும், அதற்குமுன் யாராவது நிறுத்திவிடவேண்டும். பிறகு அதே கேசட்டில் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள் என்பது தனிச் சோகம்.

புத்தகத்தைப் பார்த்த ஒரு பெரியவர் தன் கூடைக்கும் ஒன்று வேண்டும் என்றார். மூங்கிலில் கூடை, முறம், கோழிக்கூடு எல்லாம் பின்னுவார். கோடை விழாவில் கடை போடும்போது, வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறார்களாம். "எவ்ளோ வேலை கீதுன்னு நான் எத்தினி பேருக்குச் சொல்றது? அதுவே சொல்லட்டும்" என்றார். ஒரு முறத்தின் அடியில் பலகையைத் துணியில் சுற்றிக் கட்டினோம். தேய்பிறையில் வெட்டினால்தான் மூங்கிலில் பூச்சி விழாது என்பதையும், ஒரு முறத்துக்கு எத்தனை நாள் என்பதையும் அவர் பத்து வினாடியில் சொல்லி முடித்தார். பாடம் நடத்தி எனக்கு முப்பது ஆண்டு அனுபவம். அந்தச் சுருக்கம் வராது.

திருப்பிப் போட்டதும் முகம் மாறிவிட்டது. "இது என் கொரலா? எங்க அப்பன் பேசற மாதிரி கீதே."

நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால் கனமாகக் கேட்கும், மற்றவர்களுக்குக் கேட்பது வேறு என்று விளக்கம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த முறத்தை விற்கமாட்டேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அடுத்துச் செய்த இரண்டு கூடை விற்றன. ஒன்றை வாங்கியவர், குழந்தை ஓயாமல் அழுத்தும், பித்தானைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப்போனார்.

அதே பெரியவரிடம் சாமி பாட்டு ஒன்று பாடச் சொன்னேன். அது திருவிழாவில் மட்டும் பாடுவது, எந்திரத்தில் ஏற்றக்கூடாது என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். பக்கத்தில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து எத்தனையோ ஆண்டு பழைய வெளிச்சத்தைப் பிடிக்கிறார்கள். அது வரும் வெளிச்சம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. குரலைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கரடிப் புத்தகத்துப் பையனுக்கு வருவோம். தை மாதம் நான் மேலே போனபோது புத்தகத்தின் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கரடியின் நான்கு பித்தானும் புதிது போல இருந்தன. முதல் பித்தானின் நிறம் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. செல் இறங்கிக் குரல் கரகரத்தது. "அம்மாவுக்குச் சளியா சார்?" என்று கேட்டான். புது செல் போட்டேன். மறுபடி அழுத்தினான். சரியாகிவிட்டது என்று தலையாட்டினான்.

பங்குனியில் அவள் திரும்பிவந்தாள். இந்த முறை நிதானமாகக் கதை சொல்கிறேன், பழசை மாற்றிவிடலாம் என்றாள். பையன் புத்தகத்தைத் தரவேயில்லை. போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். புதிதாக வேறு புத்தகம் செய்துகொடுங்கள், இது இருக்கட்டும் என்று அவன் சார்பாக அவளே பேசினாள்.

அடுத்த கார்த்திகையில் புறப்படும் முன் என்னைத் தேடிவந்தாள். "எனக்கும் ஒண்ணு செஞ்சி குடு சாரு. பொஸ்தகம் எல்லாம் வேணாம், எனக்குப் படிக்கத் தெரியாது. பித்தான் மட்டும் போதும். இவன் பேசணும்."

ஒரு பழைய சோப்பு டப்பாவுக்குள் பலகையை வைத்து ரப்பர் போட்டுக் கொடுத்தேன். பையனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பத்து வினாடியும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டான். அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம்" என்று டப்பாவை மூடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.